போன வாரம் பார்த்த பிரேக்

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற முக்கிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. தகரக் கொட்டகை, முன்னால் இரண்டு கார் நிற்கிற அளவுக்குச் சிமெண்டுத் தரை, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை நடத்தியவரை ஊரில் எல்லோரும் சிலோன்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பிறந்தது என்னவோ இந்த மலையில்தான். அவருடைய அப்பாதான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஆனாலும் அந்தப் பேர் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. கார்ச் சாவியை அவர் தொறப்பு என்பார். “தொறப்ப வச்சுட்டுப் போங்க சார், சாயங்காலம் பாத்து வைக்கிறேன்” என்பார். டாக்ஸிக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வீடு பெருமாள்மலை. தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவன், கல்யாணமாகி ஆறாவது வருஷம் ஒரு பழைய கார் வாங்கினேன். தேவை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மனைவிக்குப் பிறந்த வீடு பழனி. அவளுடைய அப்பா அடிவாரத்தில் விபூதி, சந்தனம், சாமி படம் விற்கிற கடை வைத்திருந்தார். அவளுடைய அக்காவைக் கட்டியவருக்குக் கார் இருந்தது. விசேஷங்களுக்கு அவர் வாசலில் காரில் வந்து இறங்குவார். நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மலையில் கார் வைத்துக்கொள்வது தனிச் சோலி. தை மாதக் குளிரில் காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி முனகிவிட்டு அடங்கிப்போகும். குரங்கு வைப்பரைப் பிடுங்கும். மழை மாதங்களில் சீட்டில் பூஞ்சணம் படியும். பானட்டுக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்து வைக்கும். ஒருமுறை வாசலில் நின்ற காரைக் காட்டுமாடு உரசிவிட்டுப் போனதில் பின்கதவு உள்வாங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் சிலோன்காரரிடம்தான் போவேன். அவர் அதிகம் பேசமாட்டார். பானட்டைத் திறந்தால் நான் சொன்ன கோளாறோடு சொல்லாத கோளாறையும் பார்த்துவிடுவார். ஃபேன் பெல்ட்டில் விட்டிருக்கும் வெடிப்பு, ரேடியேட்டர் டியூபில் கசிவு, ஒரு பக்கமாகத் தேய்ந்த டயர். டயரைத் தடவிப் பார்த்தே நான் எப்படி ஓட்டுகிறேன் என்று சொல்வார்.

“எறக்கத்துல செகண்டு கியர்ல விடுங்க சார். காலைப் பிரேக்குலயே வச்சுக்கிட்டு எறங்காதீங்க” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டுவேன். பிரேக்கில் கால் இல்லாமல் இறக்கத்தில் ஓட்ட எனக்கு வராது. பயம். முப்பத்தெட்டு வயதில் அதை ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வெட்கம்.

எங்கள் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது என் மாமனார் பேத்தியைப் பார்க்க மேலே வந்து ஒரு வாரம் தங்கினார். சனிக்கிழமை கிருத்திகை. கிருத்திகை என்றால் அடிவாரத்தில் கூட்டம் நெரியும். கடையில் மகன் இருந்தாலும் அன்றைக்கு அவர் கல்லாவில் உட்கார்ந்தே ஆகவேண்டும். சனிக்கிழமை காலையில் நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறதே என்று காரை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

சிலோன்காரர் முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிரேக் பேடு ரெண்டு பக்கமும் தேஞ்சு போச்சு சார். இரும்பு தெரியுது பாருங்க.” பிறகு பானட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். “இதுவும் கறுத்துப் போயி காப்பித்தண்ணி மாதிரி கெடக்கு. எப்ப மாத்துனது?”

“வாங்குனதுல இருந்து மாத்தலண்ணே.”

“பழைய ஆயில்ல ஈரம் ஏறியிருக்கும். நீள எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே போனீங்கன்னா சூடேறிக் கொதிச்சிரும். அப்புறம் மிதிச்சா பெடல் தரையோட போகும். வண்டி நிக்காது.”

“இப்பவே மாத்திருங்கண்ணே.”

“ஆயில் இருக்கு. இந்த வண்டிக்குப் பேடு என்கிட்ட இல்ல. வத்தலக்குண்டுல சொல்லிவிட்டாத் திங்கக்கெழம பஸ்ல வந்துரும். அன்னைக்கு ரெண்டையும் சேத்து முடிச்சுரலாம். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்.”

“நாளைக்கு மாமனாரப் பழனில விடணுமே.”

“பஸ்ல அனுப்பிருங்க சார். இந்த வண்டிய எறக்காதீங்க.”

நான் யோசிப்பதுபோல நின்றேன். பிறகு, வண்டி வீட்டிலேயே நிற்கட்டும், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். அவர் சக்கரங்களை மாட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “ஊருக்குள்ள ஓட்டுனாக்கூடப் பரவால்ல. பழனி ரோட்டுல மட்டும் எறக்கிராதீங்க” என்று மறுபடியும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். சரிண்ணே என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி, “வண்டி சரியாயிருச்சா?” என்று கேட்டாள். ஆச்சு என்றேன். மாமனார் தட்டைப் பார்த்தபடியே, “நான் பஸ்லயே போயிக்கிறேன் மாப்ள. உங்களுக்கு எதுக்குச் செரமம்” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நடந்துபோன அத்தனை தடவையும் ஞாபகத்துக்கு வந்தது. “வண்டி நிக்கிறப்ப எதுக்கு மாமா பஸ்ஸு” என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். மனைவியும் மகளும் வீட்டில் இருந்துகொண்டார்கள். வடகவுஞ்சிப் பிரிவு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றமும் இறக்கமுமாகப் போகிற ரோடு அது. மாமனார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கிருத்திகை வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் நீள இறக்கம். நான் வழக்கம்போலப் பிரேக்கில் கால் வைத்தே இறங்கினேன். நாலைந்து வளைவு தாண்டியதும் அவர் மூக்கை உறிஞ்சினார்.

“என்னமோ கருகுற வாடை அடிக்குதே மாப்ள.”

“முன்னாடி போன லாரிதான் மாமா” என்றேன்.

முன்னால் லாரி எதுவும் போகவில்லை. நிறுத்தி ஆறவிட்டிருக்கலாம். அரை மணி நேரம் நின்றிருந்தால் போதும். எதற்கு நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டே போனேன். அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் கீழே போயிற்று. எதிர்ப்பே இல்லை. திரும்பத் திரும்ப மிதித்தேன். கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன். வேகம் முழுக்க அடங்கவில்லை. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலையை வெட்டிய பாறை. இடது பக்கம் ஒடித்தேன். பாறையில் உரசிக்கொண்டே போய், துருத்திக்கொண்டிருந்த ஒரு முனையில் இடித்து நின்றது. இடது பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். பின்னால் வந்த வேனில் இருந்தவர்கள் கதவை நெம்பி அவரை எடுத்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. “கடைக்குச் சொல்லிவிடுங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

பழனியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியின் தம்பி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். அவளுடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வந்தார்கள். மைத்துனன் என் முன்னால் வந்து நின்று கேட்டான்.

“வண்டிய யார்கிட்டயாவது காட்டுனீங்களா இல்லையா மச்சான்?”

அவன் கேட்ட விதத்தில் கோபம்கூட இல்லை. அக்கா வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “காட்டுனேன். போன வாரந்தான் சிலோன்காரரு பிரேக் வேல பாத்துக் குடுத்தாரு.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் யோசித்து மாற்றிச் சொல்ல அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தது.

காரை இழுத்துக்கொண்டுபோன பழனி மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேடில் ஒன்றுமே இல்லை, ஆயில் தார் மாதிரி இருக்கிறது என்று மைத்துனனிடம் சொல்லியிருக்கிறார். என் பொய் அதோடு உடைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வேலையே பார்க்காமல் பார்த்ததாகச் சொல்லி அந்த சிலோன்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆகிவிட்டது. என் வாய்ச்சொல்லில் கவனக்குறைவானவராக இருந்தவர் இப்போது மோசக்காரராகிவிட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மைத்துனன் என்னையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்து நேராக ஒர்க்‌ஷாப் வாசலில் பைக்கை நிறுத்தினான். டாக்ஸிக்காரர்கள் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் உள்ளே போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

“வேல பாக்காமப் பாத்தேன்னு சொல்லி அனுப்புவீங்களோ? எங்கப்பா அங்க எந்திரிக்க முடியாமக் கெடக்குறாரு.”

“நான் பிரேக்குல கையே வைக்கல தம்பி. எறக்காதீங்கன்னுதான் சொன்னேன். சார்கிட்ட கேளுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். “விடு, விடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று மைத்துனனின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சிலோன்காரர் என் வீட்டுக்கு வந்தார். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“உங்க மாமனாருக்கு எப்படியிருக்கு சார்?”

“ஆபரேசன் முடிஞ்சுருச்சு.”

“நான் உங்கள ஒண்ணும் கேக்க வரல. ஸ்டாண்டுல மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. அவங்க டூரிஸ்ட ஏத்திக்கிட்டு எறங்குறவங்க. ஒரு பேச்சு வந்துட்டா என்கிட்ட வண்டிய விட மாட்டாங்க.”

“அந்த நேரத்துல நான் என்ன பேசுனேன்னே தெரியலண்ணே. கொஞ்சம் ஆறட்டும். நானே சொல்லிர்றேன்.”

“சரி சார்” என்றார். நான் சொல்வேன் என்று நம்பித்தான் போனார். என் மனைவி காப்பியோடு வந்தபோது அவர் படி இறங்கியிருந்தார்.

நான் சொல்லவில்லை. முதலில் மாமனார் தேறட்டும் என்று இருந்தேன். பிறகு மைத்துனன் கோபம் தணியட்டும் என்று இருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். இதற்குள் ஒர்க்‌ஷாப் முன்னால் கார் நிற்பது குறைந்துபோனது. சீசன் நேரத்தில்கூட அந்தச் சிமெண்டுத் தரை காலியாகக் கிடந்தது. டாக்ஸிக்காரர்கள் சின்னச் சின்ன வேலைக்குக்கூட மேலே டவுனுக்குப் போனார்கள். நான் பஸ் ஏறுகிற இடம் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரில். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய கார்புரேட்டர் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் முதல் சில வாரம் எழுந்து நிற்பார், ஏதாவது சொல்வேன் என்று. அப்புறம் எழுந்து நிற்கவில்லை. நான் அடுத்த ஸ்டாப்பிங் வரை நடந்துபோய் ஏற ஆரம்பித்தேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். குடும்பத்தோடு வத்தலக்குண்டு பக்கம் போய்விட்டார் என்றார்கள். அந்த இடத்தில் இப்போது சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடை இருக்கிறது.

மாமனார் பிழைத்துக்கொண்டார், ஆனால் நடமாட்டம் போய்விட்டது. கம்பி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நகர்வார். மாதம் தவறாமல் மலையேறிச் சாமி கும்பிட்டவர், கடைப் படியையே ஏற முடியாமல் ஆனார். நான் போகும்போதெல்லாம், “வாங்க மாப்ள, பஸ்ல செரமமில்லாம வந்தீங்களா” என்று கேட்பார். நான் அந்தக் காரை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஒருநாள் அவர், “அந்த மெக்கானிக்குப் பிள்ளைகுட்டி உண்டுமா?” என்று கேட்டார். மகள் இருக்கிறாள் என்றேன். “பாவம், எங்க போனாகளோ” என்றார். அந்தச் சமயத்தில் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அப்போதும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அவர் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், என் மனைவி அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். பிரேக் விஷயம் என்றதுமே அவள் கத்தியை நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வெள்ளிக்கெழம சாயங்காலம் பால் வாங்கப் போனேன்ல. சிலோன்காரரு கூப்புட்டுச் சொன்னாரு. திங்கக்கெழமதான் சாமான் வரும், நாளைக்கு வண்டிய எறக்க விடாதீங்க தங்கச்சின்னாரு. அதான் ராத்திரி உங்கள்ட்ட கேட்டேன். ஆச்சுன்னு சொன்னீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன். அப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

“எங்கப்பா முன்னாடி உங்களப் பொய் சொல்றீங்கன்னு சொல்லணுமா? மெதுவா ஓட்டிட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்.” மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். “அப்பறம் ஆஸ்பத்திரில வச்சு நீங்க அவரு மேல போட்டீங்க. நான் வாயத் தொறந்தா உங்கள எந்தம்பி வாசப்படி மிதிக்க விடமாட்டான். தெரிஞ்சே நீயும் அனுப்புனியான்னு என்னயக் கேப்பான். அதான் இருந்துட்டேன். அவரும் என்கிட்ட சொன்னத யாருகிட்டயும் சொல்லல.”

இத்தனை வருஷமும் அவள் எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், என்னோடு பஸ்ஸில் உட்கார்ந்து பழனிக்கு வந்தாள். ஒருநாளும் முகத்தில் காட்டவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்குப் போனேன். இரண்டு மூன்று இடத்தில் விசாரித்ததில் பெரியகுளம் ரோட்டில் ஒரு பெரிய ஷெட்டைக் காட்டினார்கள். சொந்த ஷெட் இல்லை, அங்கே சம்பளத்துக்கு இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “வாங்க சார்” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், பிறகு எப்படிப் பேசாமல் இருந்தேன் என்று ஒன்றுவிடாமல். அவர் கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மாமனாரு இருக்காரா?”

“போயிட்டாரு.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “இத எதுக்கு சார் என்கிட்ட சொல்றீங்க? நான் பிரேக்குல கை வைக்கலன்னு எனக்குத் தெரியாதா?”

“மன்னிச்சுருங்கண்ணே.”

“அத விடுங்க. எம்மகளுக்குப் பெருமாள்மலையிலதான் சம்பந்தம் பேசுனோம். பையன் வீட்டுல டாக்ஸி ஓட்டுறவங்க. பேச்சு அதோட நின்னுபோச்சு.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “சொல்றதா இருந்தா அங்க போயிச் சொல்லுங்க சார். எனக்கு வேல கெடக்கு.” படுத்து மறுபடி ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அங்கே போய்ச் சொல்லவும் செய்தேன். டாக்ஸி ஸ்டாண்டில் பழைய ஆட்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர், “எந்த மெக்கானிக்கு?” என்று கேட்டார். இன்னொருவருக்கு ஞாபகம் இருந்தது. “அதுக்கு இப்ப என்ன சார்? அவருதான் ஊரவிட்டே போயிட்டாரே” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற டூரிஸ்டுகளிடம் திரும்பிக்கொண்டார்.

மைத்துனனிடம் சொல்ல அதற்கும் ஒரு மாதம் ஆயிற்று. கடையில் கூட்டமில்லாத மத்தியானம் போனேன். அவன் கல்லாவில் உட்கார்ந்து கேட்டான். முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

“நான் அந்தாளு சட்டையப் புடிச்சேன்” என்றான். “நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“ஆமா.”

“எங்கப்பாவும் அந்த மனுசனத் திட்டாத நாளே கெடையாது. அப்பறம் திட்டிட்டமேன்னு வருத்தப்படுவாரு. அதயும் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க.”

அவன் எழுந்து வெளியே வந்து, பாதி ஷட்டரை இறக்கினான். “கெளம்புங்க மச்சான். அக்கா வரட்டும், போகட்டும். நீங்க வராதீங்க” என்றான். ஒரு பக்தர் குடும்பம் கடைக்கு முன்னால் வந்து பஞ்சாமிர்தம் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. அவன் அவர்களுக்கு வழி சொல்லப் போய்விட்டான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மனைவி கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டேன். இனிமே வர வேணாம்னுட்டான்.”

அவள் துணிகளை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். “எனக்கும் தெரியும்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

அவள் உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். என் சட்டைகளை ஒரு பக்கமும் அவளுடைய சேலைகளை ஒரு பக்கமும் வைத்தாள். அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.